லயத்துக் கோழிகள்: மூணாறு மலையில் ஒரு சின்ன வரலாறு

மெல்பர்னில் நம்மவர்கள் நாலு குடும்பம் கூடினால் முதலில் வீட்டு விலை, அடுத்து பிள்ளைகளின் டியூஷன், மூன்றாவதாக இப்போதெல்லாம் கோழி. கொரோனா காலத்தில் பலர் வீட்டுப் பின்புறத்தில் நாலு கோழி, இரண்டு வாத்து என்று ஆரம்பித்தார்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பேச்சு கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "பாட்டி காலத்து முறைங்க, ஊசி கிடையாது, மருந்து கிடையாது, எல்லாம் இயற்கை."

நான் மூணாற்றில் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பாட்டி காலத்து முறையைப் பாட்டியிடமே பார்த்தவன். அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அப்படியே நம்பக்கூடாததும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கோழி அந்த மலைக்கு எப்படி வந்தது, யாருக்குச் சோறு போட்டது, எதனால் செத்தது என்று கொஞ்சம் வரலாறு பார்த்தாக வேண்டும். கட்டுரை சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் முன்பே இருந்த கோழி

தேயிலை வருவதற்கு முன்பே, மனிதர் கூட்டமாக ஏறுவதற்கு முன்பே, மூணாறு மலையில் ஒரு கோழி இருந்தது. இன்றும் இருக்கிறது. காட்டுக்கோழி என்போம். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், கழுத்து இறகின் நுனியில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளி. அதிகாலைப் பனியில் சோலைக்காட்டு ஓரத்திலிருந்து கூவும். ஊர்ச்சேவலின் கூவல் மாதிரி இருக்காது, பாதியில் வெட்டிவிட்டது போல இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையும் தென்னிந்தியாவும் மத்திய இந்தியாவின் சில பகுதிகளும்தான் இதற்குச் சொந்த ஊர். உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது.

இந்தியா வந்து போன சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட தன் பயண நூலில் இந்தப் பறவையை விவரித்து, வீட்டுக்கோழிக்கு இதுவே மூதாதை என்று எழுதினார். 1813-ல் பறவையியலார் அவர் பெயரையே இதற்கு அறிவியல் பெயராக வைத்தார்கள். பிறகு டார்வின் 1868-ல் வந்த தன் புத்தகத்தில் அதை மறுத்தார். வீட்டுக்கோழியின் மூதாதை வடக்கிலும் கிழக்கிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழிதான், நம்ம சாம்பல் கோழி இல்லை என்றார்.

டார்வின் சொன்னது பெரும்பாலும் சரி. 2020-ல் வந்த மரபணு ஆய்வு, தென்மேற்கு சீனா, வடக்கு தாய்லாந்து, மியான்மர் பக்கம் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் ஒரு கிளையினத்தைக் கைகாட்டியது. 2022-ல் வந்த தொல்லியல் ஆய்வோ, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, கோழி மனிதனோடு சேர்ந்தது சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்புதான் என்கிறது. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குத் தானியம் பொறுக்க வந்த காட்டுக்கோழி அப்படியே தங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து. முற்றத்தில் இறைந்து கிடக்கும் குருணைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் கோழியைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமில்லை.

ஆனால் சொன்னெராவும் முழுக்கத் தோற்கவில்லை. 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். உலகத்துக் கோழிகளில் பலவற்றுக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருக்கிறதே, அந்த மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது. தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறச் சத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. இந்த மரபணு உள்ள கோழியின் தோலில் அது வேலை செய்யாது. அதனால் தின்ற கீரையும் சோளமும் காலில் மஞ்சளாகத் தங்கும். இங்கே கடையில் வாங்கும் மஞ்சள் தோல் கோழியில் நம்ம ஊர் மலைக்காட்டின் ஒரு துளி இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு துளியும் உண்டு. தமிழர்களுக்குச் சண்டைச் சேவல் மேல் இருந்த பிரியம் தெரிந்ததே. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும், மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும் சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள், எழுத்தோடு. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. மனிதனுக்கு நடுகல் எல்லா ஊரிலும் உண்டு. சேவலுக்கு நட்டவர்கள் நாம். அந்த அசில் சண்டைக்கோழி கம்பெனிக்காரர்கள் காலத்தில் கப்பலேறி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போனது. அங்கே உள்ளூர்ச் சண்டைக்கோழிகளோடு கலந்து உருவான இனத்துக்கு கார்னிஷ் என்று பெயர். இன்றைய பிராய்லர் கோழியின் அகன்ற நெஞ்சு அந்த கார்னிஷ் வழி வந்தது. ஆக, பிராய்லர் வெள்ளைக்காரனுடையது, நாட்டுக்கோழி நம்முடையது என்று சுலபமாகக் கோடு போட முடியாது. நம் கோழி வெளிநாடு போய் ஆளே மாறித் திரும்பி வந்திருக்கிறது. (நம்மில் சிலரைப் போல.)

கூடையில் ஏறி வந்த கோழி

இனி மூணாற்றுக்கு வருவோம். 1877 ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். முதலில் காப்பி, சிங்கோனா எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி வந்தது. கம்பெனிக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் இறங்கிப் போய் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு மூணாற்றுக்கு வாசல் போடிப் பக்கம்தான். குரங்கணி, கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடை. தேயிலைப் பெட்டி இறங்கவும் அரிசி மூட்டை ஏறவும் கம்பிவடம் இருந்தது. மனிதனுக்குக் கால்தான்.

என் அப்பத்தாவின் அம்மா அந்த வழியாக ஏறியவர். வீட்டில் சொல்லும் கதைப்படி அவர் கொண்டுவந்த சொத்து ஒரு ஈயச் சட்டி, ஒரு அம்மிக்குழவி, கூடையில் ஒரு பெட்டைக்கோழி. அம்மிக்குழவியை எதற்குச் சுமந்தார் என்று யாருக்கும் புரியவில்லை (கல்லுக்கா பஞ்சம் அந்த மலையில்!). கோழியைச் சுமந்ததற்குக் காரணம் கேட்கவே வேண்டியதில்லை.

லயம் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறோ எட்டோ பத்தோ வீடு. ஒரு அறை, ஒரு சமையல் இடம், முன்னால் ஒட்டுத் திண்ணை. வீடு கம்பெனியுடையது. நிலம் கம்பெனியுடையது. செடி, ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரை வீடு, வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றானது. ஆனாலும் அது தொழிலாளிக்குச் சொந்தமான வீடு ஆகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பத்துக்கு, அதிலும் ஒரு பெண்ணுக்கு, "இது என்னுடையது" என்று சொல்ல என்ன இருந்தது? வாசலில் ஒரு பாத்தி பீன்ஸ், சிலருக்கு ஒரு மாடு, எல்லோருக்கும் கோழி.

சம்பளம் அப்பா கையிலோ கடன் கொடுத்த கடைக்காரர் நோட்டிலோ போய்விடும். கோழிக்காசு அம்மாவுடையது. இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் எந்த ஆம்பளையும் அதை மீறிப் பார்த்ததில்லை. முட்டை விற்ற காசு அரிசிப் பானைக்குள் ஒரு துணி முடிச்சில் இருக்கும். எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வந்தது, அக்காவுக்குக் கொலுசு வந்தது, சொந்த ஊர்த் திருவிழாவுக்கு பஸ் சார்ஜ் வந்தது எல்லாம் அந்த முடிச்சிலிருந்துதான். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு ஒரு முட்டை, பிள்ளை பெற்றவளுக்கு வெடைக்கோழிச் சாறு, எஸ்டேட் கோயில் மாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். வேறு எதற்கும் சும்மா அறுக்கமாட்டார்கள். நாட்டுக்கோழி விருந்து என்பதெல்லாம் நாம் வெளியூர் வந்தபிறகு கண்டுபிடித்த பழக்கம்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று உலகமே பேசியது. அன்றைக்கு அவர்களின் நாள் சம்பளம் 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. 232 ரூபாய்க்குக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்ணுக்கு, கூண்டில் இருக்கும் ஒரு நல்ல நாட்டுச்சேவல் ஒரு நாள் கூலிக்கு மேல். இந்தக் கணக்கு தெரியாமல் லயத்துக் கோழியைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்பத்தாவின் முறை

சரி, எப்படி வளர்த்தார்கள்? எழுதி வைக்காவிட்டால் போய்விடும் என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன்.

முட்டையை அரிசிப் பானையிலோ கேழ்வரகிலோ புதைத்து வைப்பார்கள். குளிர்ச்சியும் அசையாமையும் கிடைக்கும். கோழி அடைக்கு உட்கார்ந்ததும் பழைய கூடையில் வைக்கோல் போட்டு ஒன்பது அல்லது பதினொன்று, எப்போதும் ஒற்றைப்படை. கூடையில் ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பாணி, ஒரு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு காக்கும் என்பார் அப்பத்தா. ஆணிக்கும் இடிக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்பது, பதினொன்று என்ற எண்ணிக்கை சரியானது. ஒரு நாட்டுக்கோழி தன் உடம்பால் முழுசாக மூடக்கூடியது அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுவார்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு.

எந்த மாதம் அடை வைப்பது என்பதுதான் பெரிய அறிவு. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் மூணாற்றில் வெயில் முகம் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். அந்த ஈரத்தில் குஞ்சு நிற்காது. டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படியும், அதிலும் நிற்காது. ஆகவே பனி இறங்கிய பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் குஞ்சு வெளியே வருகிற மாதிரி கணக்குப் போட்டு வைப்பார்கள். மழை தொடங்கும்போது குஞ்சுக்கு இறகு முளைத்திருக்கும். இன்குபேட்டர் இல்லாத ஊரில் காலண்டர்தான் இன்குபேட்டர்.

முதல் வாரம் பஞ்சாரத்துக்குள், ராத்திரி அடுப்பங்கரையில். குருணை, பிறகு பீன்ஸ் பாத்தியைக் கிளறினால் வரும் மண்புழு. சொந்த ஊரில் என்றால் சாணியும் ஓலையும் நனைத்துப் பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடுவார்கள், மலையில் புழுதான். பெரிய கோழிக்குத் தீவனம் என்று தனியாக எதுவும் இல்லை. காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அந்தச் சாயங்காலப் பிடி முக்கியம். அதற்காகத்தான் கோழி இருட்டுவதற்குள் வீடு திரும்பும். பேனுக்கு அடுப்புச் சாம்பல். கோழி தானே புரண்டுகொள்ளும். கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பலகை இடுக்கில் விரல் நுழையாமல். மரநாய், கீரி, காட்டுப்பூனை மூன்றுக்கும் சேர்த்து அந்தக் கணக்கு. பகலில் பருந்து. அதற்கு ஆறு குஞ்சுத்தாய்களும் லயத்துப் பிள்ளைகளின் கூச்சலும்தான் காவல்.

அந்த இயற்கை முழு இயற்கையும் இல்லை. சுற்றிலும் தேயிலை. களைக்கும் பூச்சிக்கும் மருந்தடிக்கும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்குக் கோழிக்குச் சிறை. மருந்தடித்த மலைப்பக்கம் இரண்டொரு நாள் விடமாட்டார்கள்.

வாத்து விஷயம்

வாத்து எங்கள் லயத்தில் ஒரு வீட்டில்தான் இருந்தது. அதையும் கோழிதான் பொரித்தது. நாட்டு வாத்து முட்டையிடுவதோடு சரி, அடைகாக்கப் பொறுமை குறைவு. அதனால் கோழிக்குக் கீழே வைப்பார்கள். இருபத்தெட்டு நாள் ஆகும். ஏழு நாள் கூடுதலாக உட்கார்ந்து பொரித்த கோழி, தன் பிள்ளைகள் ஓடையில் குதிப்பதைக் கண்டு கரையில் நின்று கத்தும். சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். (இப்போது பிள்ளைகள் வளர்ந்தபிறகு அந்தக் கோழி மேல் எனக்குத் தனி மரியாதை.) தானே அடைகாக்கும் மணிலா வாத்தும் உண்டு. முகத்தில் சிவப்புச் சதை இருக்குமே, அது. அதற்கு முப்பத்தைந்து நாள். பெயரில் மணிலா இருந்தாலும் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா.

வாத்தின் உண்மையான ராஜ்ஜியம் மலையில் இல்லை, கீழே தண்ணீரில். ஆலப்புழை, கோட்டயம் பக்கக் குட்டநாட்டில் சாரை, செம்பல்லி என்ற இரண்டு நாட்டு வாத்துகள். தமிழ்நாட்டில் கீரி, சன்யாசி. நெல் அறுத்த வயலில் ஆயிரக்கணக்கில் வாத்தை இறக்கி, சிந்திய மணி, நத்தை, புழு எல்லாம் மேயவிட்டு அடுத்த ஊருக்கு ஓட்டிப் போவார்கள். வயலுக்கு உரம், வாத்துக்குத் தீனி, செலவு ஒன்றுமில்லை. இதைவிட இயற்கையான வளர்ப்பு இருக்க முடியாது. ஆனால் அந்தத் திறந்த தண்ணீரில்தான் காட்டுப்பறவைகளும் இறங்குகின்றன. 2014 நவம்பரில் பறவைக்காய்ச்சல் குட்டநாட்டுக்கு வந்தது. 2016-ல், 2021 ஜனவரியில், 2024 ஏப்ரலில் மறுபடி மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் நோய் கண்ட இடத்தைச் சுற்றி நல்ல வாத்து, கெட்ட வாத்து என்று பார்க்காமல் மொத்தமாகக் கொன்று எரித்தார்கள். இயற்கை முறையில் வளர்த்தோம் என்பதற்காக வைரஸ் இரக்கம் காட்டவில்லை.

ஒரே வாரத்தில் காலியாகும் கூண்டு

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

அப்பத்தா காலத்தில் எங்கள் லயத்தில் சில வருஷங்களுக்கு ஒரு தடவை "வசந்தை" வரும். மலையாளத்தில் கோழிவசந்த என்பார்கள். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல், கொள்ளை நோய். முதல் நாள் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் லயத்தில் கூவ ஒரு சேவல் இருக்காது. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி எல்லாம் அரைத்துக் கொடுப்பார்கள். லேசான கழிச்சலுக்கு, சளிக்கு அது உதவியிருக்கலாம். வசந்தைக்கு உதவி நான் பார்த்ததில்லை. அரிசிப் பானைக்குள் இருந்த முடிச்சு அந்த வருஷம் அவிழாது, ஏனென்றால் அதில் ஒன்றும் இருக்காது. மறுபடி யாரிடமாவது அரைப் பங்குக்குக் கோழி வாங்கி முதலிலிருந்து. அரைப் பங்கு என்றால், பொரிக்கும் குஞ்சில் பாதி கோழிக்காரிக்கு.

அந்த நோய்க்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டே இமயமலை அடிவாரத்து ராணிகேத்தில் கண்டார்கள். நம் நாட்டில் ராணிகேத் நோய் என்ற பெயர் அதனால் வந்தது. 1940-களில் முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பூசி தயாரானது. ஆக, மருந்து இருந்தது. லயத்துக்குத்தான் வரவில்லை. காரணம் எளிது. அந்த மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும்; கலக்கிவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் ஒருத்தி அதை வாங்க முடியாது. ஆயிரம் கோழி வைத்திருப்பவருக்காகவே செய்த மருந்து போல ஆகிவிட்டது.

இதே காலத்தில் திருவிதாங்கூரின் தென்கோடியில் வேறொரு முயற்சி நடந்தது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம். சேலத்தில் பிறந்த கே.டி. பால் கனவு கண்டது, ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் நடத்தியது. தேனீ வளர்ப்போடு ஒயிட் லெகார்ன் கோழியைக் கொண்டுவந்தார்கள். முட்டையைக் கூட்டாகச் சேர்த்து விற்க ஏற்பாடு செய்தார்கள். ஹாட்ச் 1932-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஏழை வீட்டு ஆறு கோழியை ஒரு தொழிலாக மதித்த முயற்சி என்ற வகையில் அது முக்கியம். மார்த்தாண்டமும் மூணாறும் அன்று ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் பிரித்தபோது விளவங்கோடு தாலுகாவோடு மார்த்தாண்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தேவிகுளம், பீர்மேடு வேண்டும் என்று தமிழர்கள் போராடியும் மூணாறு கேரளத்தில் நின்றது. மார்த்தாண்டத்து விவசாயிக்குக் கோழியோடு சொந்த மண்ணும் இருந்தது. லயத்துக்காரிக்குக் கோழி மட்டும்தான்.

லெகார்ன் எங்கள் பக்கம் நிலைக்கவில்லை. வெள்ளைக்கோழி பருந்துக்கு அழைப்பிதழ், அடைகாக்கவும் மாட்டாது. 1970-களுக்குப் பிறகு நாமக்கல் முட்டை லாரியில் ஏறி வந்தது. பின்னால் மண்ணுத்தியின் கிராமலட்சுமி, ஹைதராபாத்தின் வனராஜா, கிராமப்பிரியா என்று கொல்லைப்புறத்துக்கென்றே உருவாக்கிய இனங்கள் வந்தன. நல்ல முட்டை. ஆனால் குஞ்சு வேண்டுமென்றால் மறுபடி பண்ணைக்குத்தான் போக வேண்டும்.

உண்மையான மாற்றம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று, நான் இப்போது வாழும் இதே ஆஸ்திரேலியா. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோ, வெப்பத்தை ஓரளவு தாங்கும் வி4, ஐ-2 என்ற தடுப்பு மருந்துகளைக் கிராமத்துக் கோழிகளுக்காகவே உருவாக்கினார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதைத் தீனியில் கலந்தும் கண்ணில் சொட்டுவிட்டும் பழக்கினார்கள். இரண்டாவது, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் குருணை போலத் தூவிவிடக்கூடிய வாய்வழி மருந்தைக் கொண்டுவந்தது. இதோடு தமிழ்நாட்டில் கோழிக்கழிச்சலுக்கென்று இரண்டு வார முகாம் வருஷா வருஷம் நடக்கிறது. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். போகாதவர்களுக்குத் தெரியாது அந்த வரிசையின் மதிப்பு.

எங்கள் அம்மா அந்த வரிசையில் நின்றவர். ஓய்வு பெற்று லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு போடிப் பக்கம் இறங்கியபோது கூடையில் நாலு கோழி கொண்டுவந்தார். பாட்டி ஏறிய வழியில் பேத்தி இறங்கினார், சொத்து ஏறக்குறைய அதேதான். ஊரில் முகாம் போட்டால் முதல் ஆளாகப் போவார். "மருந்து போட்டா இயற்கை கெட்டுப் போகும்னு சொல்றாங்களேம்மா" என்று போனில் ஒரு தடவை கிண்டலுக்குக் கேட்டேன். "செத்துப் போனா மட்டும் இயற்கையா இருக்குமாக்கும்" என்றார்.

வெளிநாட்டில் வளர்ப்பவர்களுக்கு

ஆகவே நண்பர்களே, அப்பத்தாவிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தரமான கூண்டு, சாயங்காலப் பிடி, சாம்பல் குளியல், காலம் பார்த்து அடை, ஒரு கோழிக்கு அதன் உடம்பு மூடும் அளவு முட்டை. அதெல்லாம் நூறு வருஷம் சோதித்த அறிவு. ஆனால் நோய் விஷயத்தில் அப்பத்தா கையாலாகாமல் நின்றார். அது அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. கிடைக்காததால் இல்லாமல் இருந்ததை நாம் கொள்கையாக ஆக்கக்கூடாது. நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன தடுப்பு மருந்து, என்ன விதி என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும், பறவைக்காய்ச்சல்தான் காரணம். காட்டுவாத்து இறங்கும் குளத்துப் பக்கம் உங்கள் வாத்தை விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சிட்னியில் வீட்டுப்புற முட்டைகளைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. பழைய பெயிண்டும் பழைய பெட்ரோல் புகையும் மண்ணில் தங்கியதால். பழைய வீடு என்றால் மண்ணைச் சோதித்துவிட்டுக் கோழியை இறக்குங்கள். கோழி மண்ணைத்தான் முட்டையாக்கிக் கொடுக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடமோ அத்தையிடமோ கோழிக்காசு யார் கையில் இருந்தது, அதில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பலரின் பள்ளிக்கூடக் கணக்கு அங்கேதான் தொடங்கியிருக்கும். அந்தக் கணக்கை எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.